செல்லக்கனி டீச்சரின் மே மாதங்கள்

2009ஆம் வருஷம் மே மாதம் முதல் தேதி, காலை ஆறேகால் மணிக்கு, வடக்குப்பட்டில் சின்னப்பொண்ணு வீட்டு லைனில் மூன்றாவது அறையில் குடியிருந்த செல்லக்கனி டீச்சர் கண்ணுக்குத் தெரியாமல் போனார். அன்றைக்கு ஒரகடம் கூட்டுரோட்டில் மே தினக் கொடி இரண்டு ஏறியது, தக்காளி கிலோ பதினான்கு ரூபாய்க்கு விற்றது. முதலில் கவனித்தவள் வீட்டுக்காரி சின்னப்பொண்ணு. அவளுடைய நீல வாளி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தானாகக் குழாயடிக்கு வந்துகொண்டிருந்தது. இரவல் வாங்கிப் போன வாளியை இரண்டு மாதமாகத் திருப்பித் தரவில்லையே என்ற நினைப்புதான் அவளுக்கு முதலில் வந்தது. வாளியைத் தூக்கி வரும் ஆள் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

"இன்னா டீச்சரம்மா, வாளி மட்டும் வருது?"

"நான்தாங்க்கா. நேத்தோட காண்ட்ராக்ட் முடிஞ்சிட்டு. ஜூன் ஒண்ணாந்தேதி வரைக்கும் பிரேக்கு."

"அப்டியா. சீக்கிரம் புடி, தண்ணி நின்னுடப் போவுது."

இவ்வளவுதான் நடந்தது. பத்து நாளில் எங்களுக்கு இதன் விதிமுறைகள் புரிந்துவிட்டன. டீச்சரின் சொந்தப் பொருள்கள், சேலை, செருப்பு, கைப்பை எல்லாம் அவரோடு சேர்ந்து மறைந்தன. மற்றவர்கள் பொருள் எதுவானாலும் தெரிந்தது. அதனால் அவர் எங்கே இருக்கிறார் என்று அறிய விரும்பியவர்கள் (தெருவில் அப்படி விரும்பாதவர்கள் யாரும் இல்லை) அவரிடம் ஒரு குடையையோ கரண்டியையோ கொடுத்துவைத்தால் போதுமானதாக இருந்தது.

டீச்சருக்கு ஊர் தெற்கே உடன்குடிப் பக்கம். முந்தின வருஷம் ஜூனில், ஒரு டிரங்குப் பெட்டியும் கருப்பட்டி ஓலைக்கொட்டான் ஒன்றுமாக வந்து இறங்கினார். வல்லம் வடகாலைத் தாண்டி, நெல் விளைந்த இடத்தில் கண்ணாடி முகத்தோடு நிற்கிறதே ஒரு பல்கலைக்கழகம், அதில் வேலை. பெயர் எதற்கு, அவர்களே பஸ் முதுகில் எல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள். எஞ்சினியரிங் படிக்கும் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் கடிதம், அறிக்கை, கட்டுரை எழுதச் சொல்லித்தருவது அவருடைய பாடம். ஆர்டரில் இருந்த பதவிப் பெயர் "எழுத்துப் பயிற்றுநர் (தற்காலிகம்)". வகுப்பு ஆறு, வகுப்புக்கு எழுபது பேர். உட்கார இடம் மாடிப்படிக்குக் கீழே, பழைய புரொஜெக்டர்களோடு. நாற்காலி ஒன்று, அதைப் பகிர்ந்துகொள்ள இன்னும் இரண்டு தற்காலிகங்கள். கல்லூரிப் பஸ்ஸில் நிரந்தரக்காரர்கள் உட்கார்ந்தபின் இடம் மிஞ்சினால் உட்காரலாம், மிஞ்சாது. சம்பளம் நிரந்தரக்காரர்கள் வாங்குவதில் மூன்றில் ஒன்று. பன்னிரண்டு மாதம் ஒருவரைத் தொடர்ந்து வைத்திருந்தால் பின்னால் உரிமை கேட்டுவிடுவார் என்பதால் பதினோரு மாதத்துக்கு ஒரு ஒப்பந்தம், ஒரு மாதம் இடைவெளி. அலுவலகத்தில் இதைப் பார்த்துக்கொண்டவர் நடேசன் என்ற எழுத்தர். நல்ல மனிதர், கையெழுத்து அச்சுப் போல இருக்கும், எந்த ஆர்டரையும் வருத்தத்தோடுதான் கொடுப்பார்.

இதில் விசேஷம் என்னவென்றால், முதல் வருஷப் பிள்ளைகளின் பயிற்சி நோட்டுகள் எல்லாம் திருத்தி உள்மதிப்பெண் போடவேண்டிய மாதமே மே மாதம்தான். ஆள் பல்கலைக்கழகத்தில் இல்லை, வேலை இருந்தது. மே நான்காம் தேதி பல்கலைக்கழக வேன் வந்து, நானூற்றிருபது நோட்டுகளைச் சணல் கயிற்றில் கட்டி, ஒரு பெட்டி சிவப்புப் பேனாவோடு மூன்றாவது அறை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போடப்போவது துறைத்தலைவர் இராமச்சந்திரன். திருத்தவேண்டியது டீச்சர். மாட்டேன் என்றால் ஜூனில் ஆர்டர் வராது என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அந்த வேலையை நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறோம். எட்டிப்பார்ப்பது தப்புதான், ஆனால் ஜன்னல் தெருவைப் பார்க்க இருந்தால் யார் என்ன செய்வது. சிவப்புப் பேனா அந்தரத்தில் நிற்கும், ஓடும், யோசிக்கும், திரும்பவும் ஓடும். ஒரு வரிகூட விடாமல் படிப்பார் என்பது பேனா போகிற வேகத்திலேயே தெரியும். பிள்ளைகள் கையேட்டைப் பார்த்து எழுதிய கட்டுரைகளுக்கு ஓரத்தில் "இது நீ பார்த்ததா?" என்று கேட்டிருக்கும். லட்சியம் பற்றி எழுதச் சொன்னால் எழுபது பேரும் ஒரே லட்சியத்தை எழுதுகிற இடத்தில், இந்தக் கேள்வி பல பேரை இரண்டாம் தடவை எழுதவைத்தது. ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே தேதி போடுவார். எதற்கம்மா வீணாக என்று இராமச்சந்திரன் ஒருதரம் கேட்டாராம். "தேதி போடாத திருத்தம், யாரோ செவுத்துல கிறுக்கிட்டுப் போனது மாதிரி சார்" என்றாராம் டீச்சர். எங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், தெரியும்.

நான்காவது அறையில் மாரிராஜும் பேச்சிராஜும் இருந்தார்கள், கோவில்பட்டிப் பக்கத்துப் பையன்கள், கார் பாகம் செய்யும் கம்பெனியில் காண்ட்ராக்ட். அவர்களுக்கும் ஒன்பது மாதத்துக்கொரு பிரேக் உண்டு. குழாயடியில் பேச்சிராஜ் இதைப் பற்றிக் கேட்டான்.

"எங்களுக்குந்தான் பிரேக் விடுதான். நாங்க மறையலியே?"

"நீ லைன்ல நிக்கும்போதே உன் சூப்பர்வைசருக்குத் தெரியறது இல்ல. இதுல தனியா வேற மறையணுமா?" என்றாள் சின்னப்பொண்ணு. பேச்சிராஜ் குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விட்டான்.

2010 மே மாதம் பெண் பார்க்க வந்தார்கள். டீச்சரின் அண்ணன் அய்யாத்துரை, கல்லூரி லீவு மாதம்தானே என்று கணக்குப் போட்டு, திசையன்விளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேரை வேன் வைத்துக் கூட்டிவந்துவிட்டார். அதைவிடப் பொருத்தமில்லாத மாதம் வருஷத்தில் கிடையாது என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம். சின்னப்பொண்ணு வீட்டு எவர்சில்வர் தட்டு, பஜ்ஜியோடும் கேசரியோடும் காற்றில் வந்து ஒவ்வொருவர் முன்னாலும் பணிவாகக் குனிந்தது. மாப்பிள்ளையின் அம்மா தட்டுக்கு மேலே உத்தேசமாக ஒரு இடத்தைப் பார்த்து, பிள்ளை நல்ல உசரம் போலுக்கே என்றார். பிறகு வேலையைப் பற்றி விசாரித்தார். பதினோரு மாதம், ஒரு மாதம் என்று அய்யாத்துரை விளக்கினார்.

"ஆள் தெரியலங்கது ஒரு குறையில்ல. ஜூன்ல பாத்துக்கிடலாம்" என்றார் அந்த அம்மா. "வேலை நிரந்தரமில்லன்னா, அதுதான் யோசிக்கணும்."

யோசித்தார்கள். இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். டீச்சர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து திருத்த உட்கார்ந்தார். அன்றைய தேதியில் ஐம்பத்தெட்டு நோட்டுகள் முடிந்திருந்தன. அழுதாரா என்று எட்டிப்பார்த்ததில், அந்த மாதத்தில் அதை அறிய வழியில்லை என்பது விளங்கியது.

2012 மே பதினேழாம் தேதி, ஒரகடம் ரோட்டைக் கடக்கும்போது ஒரு கம்பெனிப் பஸ் அவரை உரசிவிட்டது. டிரைவரைக் குறை சொல்ல முடியாது, அவனுக்கு வெறும் ரோடுதான் தெரிந்திருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை கிளினிக்கில் டாக்டர், பெஞ்சுக்கு மேல் காற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, மூச்சை இழுத்து விடச் சொல்லி, எலும்பில் ஒன்றுமில்லை என்று சீட்டு எழுதினார். மறுநாள் மாரிராஜ் தன் கம்பெனியிலிருந்து, இருட்டில் பளபளக்கிற பட்டை வைத்த ஆரஞ்சு ஜாக்கெட் ஒன்றும் மஞ்சள் ஹெல்மெட் ஒன்றும் கொண்டுவந்தான். கேட்டு வாங்கினானா, சும்மா எடுத்துவந்தானா என்பதில் இரண்டு கருத்து உண்டு. அதன்பிறகு மே மாதங்களில், காலில்லாத ஒரு ஜாக்கெட்டும் தலையில்லாத ஒரு ஹெல்மெட்டும் ரோட்டோரமாகக் கடைக்குப் போவதும் வருவதும் சகஜமாயிற்று. கன்டெய்னர் லாரிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சிலர் ஹாரன் அடித்து வணக்கம் வைத்தார்கள்.

இதுவரை ஒன்றும் பிரச்சினை இல்லை என்றே சொல்லவேண்டும். ஜூன் முதல் தேதி புது ஆர்டரை நடேசன் நீட்டியதும் டீச்சர் முழுசாகத் தெரிந்துவிடுவார். 2013இல்தான் அது இழுக்க ஆரம்பித்தது. ஆர்டர் வந்து ஒரு வாரம் கழித்துத்தான் இடது கை வந்தது. அதுவரை சேலைத் தலைப்பு கையில்லாமல் ஆடியது. 2014இல் முகம் வர ஜூலை ஆகிவிட்டது. ஆறு வாரம் தலையில்லாமல் வகுப்பெடுத்தார். பிள்ளைகள் குறை சொல்லவில்லை, குரல் தெளிவாக இருக்கிறது, போர்டில் எழுத்து தெரிகிறது என்றார்கள். ஆனால் சின்னப்பொண்ணு விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒவ்வொரு வருஷமும் திரும்பிவருவது தாமதமாகிறது, குறைகிறது. டீச்சருக்கும் அது தெரிந்திருந்தது.

"இன்னும் ரெண்டு மே தாங்குவேனாக்கும். அப்புறம் ஜூன் வந்தாலும் நான் வரமாட்டேன் போலுக்குக்கா" என்றார் ஒருநாள், துணி காயப்போட்டுக்கொண்டே, மழை வரும் போலிருக்கிறது என்பதைப் போல.

வேலையை விட்டுவிடலாமே என்று கேட்டவர்கள் உண்டு, நாங்களே கேட்டோம். விட்டால் எங்கே போய்த் தெரிவது என்று கேட்டார். கேட்டது சரிதான். பக்கத்துக் கல்லூரிகளிலும் பதினோரு மாதம்தான். ஒன்றில் பத்து.

2015 பிப்ரவரியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. வெளியிலிருந்து ஆய்வுக் குழு ஒன்று வரப்போகிறது, பல்கலைக்கழகத்தில் நிரந்தர ஆசிரியர்கள் எண்ணிக்கை போதவில்லை, ஆகவே வரும் மே மாதத்தோடு ஏழு வருஷம் தொடர்ந்து பணியாற்றியவர்கள் விண்ணப்பித்தால் நிரந்தரம் செய்யப்படுவார்கள். டீச்சர் முதல் ஆளாக விண்ணப்பம் கொண்டுபோய்க் கொடுத்தார். நடேசன் அதை வாங்கி, கண்ணாடியைத் துடைத்து, வருத்தத்தோடு படித்தார்.

"தொடர்ச்சி இல்லியேம்மா. ஆறு மே மாசமும் நீங்க இங்க இல்ல."

"ஆறு மேயிலயும் உங்க வேன் என் வீட்டுக்கு வந்துச்சே சார்."

"வேன் வந்துது. ரெக்கார்டுல நீங்க வரலை."

இந்த இடத்தில் சின்னப்பொண்ணின் மகள் கலைமதியைச் சொல்லவேண்டும். 2009இல் அதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, டீச்சரிடமே முதல் வருஷம் படித்து, இப்போது வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். பொருளில் எழுதியிருக்கிற தேதியைச் சரிபார்ப்பது அவளுக்குத் தொழில். டீச்சர் திரும்பிவந்து சொன்னதைக் கேட்டதும் அவள் பரணில் ஏறித் தன் முதல் வருஷ நோட்டை எடுத்துவந்தாள். "இது நீ பார்த்ததா?" என்ற சிவப்புக் கேள்விக்குக் கீழே 14.5.2010 என்று இருந்தது. அடுத்த பக்கத்தில் 15.5.2010. நோட்டை டீச்சர் மடியில் வைத்தாள்.

எஞ்சினியரிங் முடித்த பிள்ளைகள் முதல் வருஷ இங்கிலீஷ் நோட்டை எதற்கு வைத்திருக்கப் போகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். வைத்திருந்தார்கள். லீவுக் கடிதம், மெமோவுக்குப் பதில், ஓ.டி. பார்த்ததற்குக் காசு கொடுக்காததைப் பற்றிய மனு, வேலையை விட்டு நின்றபின் அனுபவச் சான்று கேட்பது, இதற்கெல்லாம் இந்தப் பக்கத்தில் உள்ள எல்லா ஷாப்ஃப்ளோரிலும் அந்த நோட்டைப் பார்த்துத்தான் எழுதினார்கள். ஒரு நோட்டு மூன்று ஹாஸ்டல் சுற்றும். நடந்ததை நடந்தபடி, பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடுத்தால் பெர்சனெல் மேனேஜர்கள் கொஞ்சம் தயங்குகிறார்கள் என்பதை அனுபவத்தில் கண்டிருந்தார்கள். கலைமதி போனில் பத்துப் பேருக்குச் செய்தி அனுப்பினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இருங்காட்டுக்கோட்டையிலிருந்தும் ஒரகடத்திலிருந்தும் கம்பெனிப் பஸ்கள் வடக்குப்பட்டு முனையில் நின்று நின்று போயின. யூனிஃபார்மோடு இறங்கியவர்கள் ஆளுக்கொரு நோட்டை வைத்துவிட்டு ஷிஃப்டுக்கு ஓடினார்கள். இன்னும் படிப்பு முடியாத பிள்ளைகள் ஹாஸ்டலிலிருந்து வந்து தங்கள் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாலைக்குள் சின்னப்பொண்ணு வீட்டு வாசலில் அறுநூற்றுச் சொச்சம் நோட்டுகள் குவிந்தன. கலைமதியும் மாரிராஜும் வருஷவாரியாகப் பிரித்தார்கள். 2010, 11, 12, 13, 14, எல்லா மே மாதமும் இருந்தது. 2009 ஒன்றுகூட இல்லை.

அந்த வருஷம் மதிப்பெண் பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டார்கள், நோட்டுகளைத் திரும்ப எடுத்துப்போக வேன் வரவேயில்லை என்பதும், ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு டீச்சர் அவற்றை வீட்டுக்காரியின் பின்கட்டில் வைத்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எல்லோரும் சின்னப்பொண்ணைப் பார்த்தார்கள். அவள் கூட்டுரோட்டில் போண்டாக் கடை போட்டிருந்த காலம் அது.

"ஒரு மாசத்தயே போண்டா மடிச்சுக் குடுத்துட்டேனே டீச்சரம்மா" என்று உட்கார்ந்துவிட்டாள்.

"போகட்டும்க்கா" என்றார் டீச்சர். "தின்னுகிட்டே நாலு பேரு வாசிச்சிருப்பாக."

நோட்டுகளை மாரிராஜ் ஒரு குட்டியானை வேனில் ஏற்றி அலுவலகத்தில் இறக்கினான். நடேசன் மூன்று வாரம் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கையெழுத்து விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது, எல்லாம் ஒரே கை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் கை இருந்ததற்குத்தான் இது ஆதாரம், ஆள் இருந்ததற்கு இல்லை என்று குறிப்பெழுதிக் கோப்பை மேலே அனுப்பினார். கோப்பு மேலே கிடந்தபடியே ஏப்ரல் முடிந்துவிட்டது. மே முதல் தேதி டீச்சர் மறைந்தார். இந்தத் தடவை குரலும் மெலிந்திருந்தது. குழாயடியில் இரண்டு தடவை கேட்டால்தான் பதில் காதில் விழுந்தது.

ஆய்வுக் குழு மே இருபதாம் தேதி வந்தது. விண்ணப்பித்தவர்களை வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். கடைசி நாற்காலியில் ஆரஞ்சு ஜாக்கெட். குழுவில் ஒருவர், யாரோ ஜாக்கெட்டை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், எடுக்கச் சொல்லுங்கள் என்றார். குழுத் தலைவி காந்திமதி அம்மாள், எங்கோ முப்பத்தைந்து வருஷம் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், மேசைமேல் இருந்த நோட்டுகளில் ஒன்றை எடுத்துப் படித்தார். பிறகு இன்னொன்று. மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. இராமச்சந்திரன் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முக்கால் மணி நேரம் கழித்து அந்த அம்மாள் நிமிர்ந்து நாற்காலியைப் பார்த்துக் கேட்டார்.

"சிவசங்கர்னு ஒரு பையன். அவங்க அப்பா நிலத்தை வித்த அன்னிக்கு வீட்ல என்ன சமைச்சாங்கன்னு எழுதியிருக்கான். '2011 மே ஒன்பது, இதில் அப்பா என்ன சாப்பிட்டார் என்று இல்லை'ன்னு குறிப்பு போட்டிருக்கீங்க. அப்புறம் எழுதினானா?"

"மூணு தடவை எழுதுனான் மேடம்" என்றது ஜாக்கெட். குரல் மெலிசாகத்தான் வந்தது, ஆனால் அறையில் ஃபேன் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. "மூணாவது தடவை, அப்பா சாப்பிடலைன்னு எழுதுனான்."

காந்திமதி அம்மாள் நடேசன் பக்கம் திரும்பினார். "இந்த மாசங்கள்ல இவங்க இருந்தாங்களா, இல்லையா? உங்களைத்தான் கேக்கறேன்."

நடேசன் எழுந்து நின்றார். அவருடைய முப்பது வருஷ சர்வீஸில் ரெக்கார்டைப் பார்க்காமல் பதில் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

"இருந்தாங்க மேடம். நோட்டுக் கட்டை நானே கயிறு போட்டு அனுப்பியிருக்கேன்."

மே முப்பதாம் தேதி ஆர்டர் வந்தது. நடேசனே எழுதியது, அச்சுப் போன்ற எழுத்து. 2010 முதல் 2015 வரையிலான மே மாதங்கள் பணிக்காலமாக ஏற்கப்படுகின்றன, 2009 மே மாதத்துக்கு ஆதாரம் இல்லாமையால் அது ஏற்பதற்கில்லை, எனினும் அந்த ஒரு மாதக் குறைவு மன்னிக்கப்பட்டு, மேற்படியார் ஜூன் முதல் தேதி முதல் நிரந்தரம் செய்யப்படுகிறார். ஜூன் முதல் தேதி காலை ஆறேகாலுக்குத் தெருவே குழாயடியில் நின்றது. தண்ணீர் பிடிக்கத்தான் நின்றோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீல வாளி வந்தது, பின்னாலேயே டீச்சர் வந்தார், தலை, முகம், இடது கை எல்லாமாக. முப்பத்தாறு வயதுக்குக் கொஞ்சம் நரைத்திருந்தார். சின்னப்பொண்ணு கிட்டே போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஒரு குறையைக் கண்டுபிடித்தாள். வலது கையில் கட்டைவிரல் இல்லை. இல்லை என்றால் இருந்தது, தொட்டால் தட்டுப்பட்டது, தெரியவில்லை. ஏற்காமல் விட்ட அந்த ஒரு மாதம் அங்கே நின்றுவிட்டது என்று எல்லோருக்கும் புரிந்தது. சின்னப்பொண்ணு அந்த விரலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். விரல் சூடாகத்தான் இருந்ததாம்.

அந்த ஜூனில்தான் பல்கலைக்கழகத்தில் கையெழுத்துப் புத்தகத்தை எடுத்துவிட்டு, வாசலில் கட்டைவிரல் வைக்கும் மெஷினை மாட்டினார்கள். முதல் நாள் காலை ஆசிரியர்கள் வரிசையில் நின்றார்கள். செல்லக்கனி டீச்சரின் முறை வந்தது. நடேசன் தன் அறைக் கதவோரம் வந்து நின்றார். டீச்சர், யாருக்கும் தெரியாத அந்த விரலைக் கண்ணாடியில் வைத்தார். மெஷின் ஒரே தடவையில் பச்சை விளக்குக் காட்டி நன்றி சொன்னது. அவருக்குப் பின்னால் நின்ற இராமச்சந்திரனைத்தான், விரலை நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கும்படி மூன்று தடவை கேட்டது.